உடையாத பூட்டும் ஒரு பழைய கேள்வியும்



தை மாதம் எங்கள் வீட்டில் திருடு போனது உங்களில் பலருக்குத் தெரியும். போனில் விசாரித்த எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி ஓய்ந்துவிட்டேன். மொத்தமாக இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால், எழுத எழுத அது பாடமாகப் போய்விட்டது. 34 வருஷப் பழக்கம், லேசில் விடுமா? பதிவு கொஞ்சம் நீளம். அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படிக்கலாம். பரீட்சை கிடையாது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பேத்திக்குக் காது குத்து. நானும் வீட்டுக்காரம்மாவும் மூன்று நாள் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் வீடு போட்டது போட்டபடி இருந்தது. பீரோவைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவளுடைய இரண்டு வளையல்கள், ரொக்கம் 18,000 ரூபாய், சாமி அறையில் இருந்த ஒரு ஜோடிக் குத்துவிளக்கு, எல்லாம் போயிருந்தன. கொல்லைக் கதவுச் சாவியைக் குளியலறை ஜன்னல் மேல் வைப்பது என் அம்மா காலத்துப் பழக்கம். வந்தவன் அந்தச் சாவியை எடுத்துத் திறந்திருக்கிறான். வேலை முடிந்ததும் திரும்பப் பூட்டி, சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டும் போயிருக்கிறான். என் வகுப்பில் டஸ்டரை எடுத்த இடத்தில் வைக்க இத்தனை ஒழுங்கு யாருக்கும் இருந்ததில்லை.

ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர் மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார்.

"பூட்டை உடைச்சாங்களா சார்?"

"இல்லைங்க."

"கதவை நெம்பினாங்களா?"

"இல்லை."

"ஓடு பிரிச்சு இறங்கினாங்களா? சுவத்துல ஓட்டை கீட்டை?"

"அதெல்லாம் இல்லைங்க. சாவி போட்டுத் திறந்திருக்காங்க."

அவர் பேனா நின்றுவிட்டது. "ஒண்ணும் உடையலையே சார். அப்ப எப்படி எழுதறது?" என்றார்.

அந்த வரியைக் கேட்டதும் எனக்குத் திடுக்கென்றது. இதே கேள்வியை நான் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறேன். ஏதோ ஒரு பத்தாம் வகுப்பு. கரும்பலகையில் 'பிரேக் இன்' என்று எழுதி, அதற்கு நேரே 'என்டர் பை ஃபோர்ஸ்' என்று எழுதி, கீழே வரிசையாகச் சினானிம்கள்: பர்கிள், ராப், இன்ட்ரூட், ட்ரெஸ்பாஸ். "பத்து தடவை எழுதிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், திருடன் திறந்த கதவு வழியா வந்தா ஒண்ணும் உடையலையே, அப்ப ஏன் பிரேக்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "நீ திருடப் போறப்ப பார்த்துக்கலாம், உட்காருடா" என்றேன். எனக்கு விடை தெரியாததால்தான் அப்படிச் சொன்னேன் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பையன் யார் என்பது நினைவில்லை. மூன்றாவது பெஞ்ச் மட்டும் நினைவிருக்கிறது. தம்பி, நீ இதைப் படிக்கிறாய் என்றால், தாமதமாகவாவது உனக்கு விடை சொல்கிறேன்.

'பிரேக்' என்றால் உடை என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழில் தேங்காயை உடைக்கிறோம், கிளையை முறிக்கிறோம், விறகைப் பிளக்கிறோம், கதவைத் தகர்க்கிறோம், சட்டத்தை மீறுகிறோம், நோன்பை முடிக்கிறோம். ஆங்கிலத்தில் கிளைக்கும் தேங்காய்க்கும் சட்டத்துக்கும் நோன்புக்கும் 'பிரேக்' ஒன்றே போதும். அதாவது அந்தச் சொல்லுக்குள் பொருளை உடைப்பது மட்டும் இல்லை, ஒரு கட்டைக் குலைப்பதும் இருக்கிறது. மூடிய கதவு ஒரு கட்டு. பூட்டு நொறுங்கினாலும் சரி, சாவி போட்டுத் திறந்தாலும் சரி, 'உள்ளே வராதே' என்று வீட்டுக்காரன் வைத்த கட்டு குலைந்துபோனது. எழுத்தரும் அந்தப் பையனும் பூட்டைப் பார்த்தார்கள். 'பிரேக் இன்' என்ற சொல் கட்டைப் பார்க்கிறது.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. இங்கிலாந்தின் பழைய வழக்குச் சட்டத்தில், சும்மா சாத்தியிருந்த கதவின் தாழைத் தூக்கித் திறந்தாலே அது 'பிரேக்கிங்'தான். விரியத் திறந்து கிடந்த கதவு வழியாக நுழைந்தால் அது 'பிரேக்கிங்' இல்லை. அங்கே பிற்பாடு இந்தத் தகராறே வேண்டாம் என்று 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில், அத்துமீறி நுழைவதைப் பேசினார்கள், உடைப்பதை விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். மெக்காலே தலைமையிலான குழு வரைந்து, 1860இல் இயற்றப்பட்டு, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 445ஆம் பிரிவு 'ஹவுஸ் பிரேக்கிங்' என்பதற்கு ஆறு வழிகளைச் சொல்கிறது. சுவரில் துளை போட்டு வழி உண்டாக்குவது ஒன்று. மனிதர் போகவர வைக்காத வழியில் நுழைவதும், சுவர் ஏறிக் குதிப்பதும் ஒன்று. வீட்டுக்காரர் நினைக்காத முறையில் வழியைத் திறப்பது, பூட்டைத் திறப்பது, காவலில் நிற்பவரைத் தள்ளியோ மிரட்டியோ நுழைவது, அடைத்து வைத்திருக்கிற வழியை நீக்கி நுழைவது எல்லாமே அதில் அடக்கம். பூட்டை உடைப்பது என்று அதில் இல்லை, திறப்பது என்றுதான் இருக்கிறது. கீழே எடுத்துக்காட்டுகளும் தந்திருக்கிறார்கள். அதில் ஒன்று: வீட்டுக்காரர் தொலைத்த சாவியை ஒருவன் கண்டெடுத்து, அந்தச் சாவியாலேயே கதவைத் திறந்து அத்துமீறி நுழைந்தால் அதுவும் ஹவுஸ் பிரேக்கிங்தான். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 160 வருஷத்துக்கு முன்பே யாரோ எங்கள் வீட்டுக் குளியலறை ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 330ஆம் பிரிவிலும் இந்த ஆறு வழிகளும் இருக்கின்றன.

ஆக, மூன்றாவது பெஞ்ச் தம்பிக்கு விடை இதுதான்: எதுவும் உடையாமலே 'பிரேக் இன்' நடக்கும்.

இனி அந்தச் சினானிம் பட்டியலுக்கு வருகிறேன். நான் கரும்பலகையில் எழுதிய நான்கும் ஒன்றுக்கு ஒன்று சமம் என்று சொல்லிக்கொடுத்தேன். எதுவும் எதற்கும் சமம் இல்லை. கனடாவில் இருக்கும் அக்கா மகன் செய்தி கேள்விப்பட்டு, 'மாமா, ஐ ஹியர் யூ வேர் ராப்டு' என்று அனுப்பியிருந்தான். பாசமான பிள்ளை, ஆனால் என்னிடம் படித்த பிள்ளை. 'ராப்' என்றால் ஆளை மிரட்டியோ அடித்தோ பறிப்பது. என் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. நான் அப்போது திருப்பூரில் வடை பாயசத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 'ஸ்டீல்' என்றால் பொருளைத் திருடுவது, வளையலைத்தான் 'ஸ்டீல்' பண்ண முடியும். 'பர்கிள்' என்றால் கட்டடத்துக்குள் நுழைந்து திருடுவது. அதை வீட்டுக்கும் சொல்லலாம், வீட்டுக்காரருக்கும் சொல்லலாம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அதையே 'பர்க்ளரைஸ்' என்பார்கள். 'ட்ரெஸ்பாஸ்' என்றால் அத்துமீறிக் கால் வைப்பது, வேலி இல்லாத வயலில் இறங்கினாலும் ட்ரெஸ்பாஸ்தான். 'இன்ட்ரூட்' என்றால் வேண்டாத இடத்தில் மூக்கை நுழைப்பது, அதற்குக் கதவே தேவையில்லை.

இதில் 'பிரேக் இன்' தனி. அது நுழைந்ததை மட்டும் சொல்கிறது, எதற்காக நுழைந்தான் என்பதைச் சொல்வதில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தையைக் காப்பாற்றத் தீயணைப்புக்காரர் நுழைந்தாலும் 'பிரேக் இன்'தான். 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஐந்து பேர் பிடிபட்டார்கள். கதவுத் தாழ் விழாதபடி டேப் ஒட்டியிருந்ததை ஒரு காவலாளி கவனித்ததால்தான் மாட்டினார்கள். அவர்கள் குத்துவிளக்கு எடுக்க வரவில்லை. ஒட்டுக்கேட்கும் கருவி வைக்கவும் காகிதங்களைப் படம் எடுக்கவும் வந்தவர்கள். அதனால்தான் உலகமே அதை இன்றுவரை 'வாட்டர்கேட் பிரேக்-இன்' என்கிறது. அதன் தொடர்ச்சியாக 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் பதவி விலகினார்.

எழுதுகிறபோது கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இடத்தின் பெயர் வராவிட்டால் 'பிரேக் இன்': 'சம்படி ப்ரோக் இன் லாஸ்ட் நைட்.' இடத்தின் பெயர் வந்தால் 'பிரேக் இன்டு': 'சம்படி ப்ரோக் இன்டு அவர் ஹவுஸ்.' வீட்டை முன்னால் வைத்துச் சொன்னால்: 'அவர் ஹவுஸ் வாஸ் ப்ரோக்கன் இன்டு.' கடைசியில் வரும் அந்த 'இன்டு'வை விட்டுவிட்டு 'ஹவுஸ் வாஸ் ப்ரோக்கன்' என்று எழுதினால் வீடு இடிந்துபோனதாக ஆகிவிடும். எத்தனை விடைத்தாளில் என் கையாலேயே அந்த வீடுகளை இடிய விட்டிருக்கிறேனோ! பெயர்ச்சொல்லாகச் சொல்லும்போது 'பிரேக்'கில் அழுத்தம், வினையாகச் சொல்லும்போது 'இன்'னில் அழுத்தம்.

இதே 'பிரேக் இன்' பேச்சுக்கு நடுவில் குறுக்கே புகுவதற்கும் வரும். எங்கள் வீட்டில் அந்தக் கலையில் என் சம்பந்தி வல்லவர். புதுச் செருப்பைப் போட்டுப் போட்டுப் பழக்குவதும் 'பிரேக் இன்'. தமிழில் புதுச் செருப்பு நம்மைக் கடிக்கும், ஆங்கிலத்தில் நாம் அதை வழிக்குக் கொண்டுவருகிறோம். முரட்டுக் குதிரையைச் சவாரிக்குப் பழக்குவதும், புது ஆளை வேலைக்குப் பழக்குவதும் அதே சொல்தான். அங்கேயும் ஏதோ ஒரு விறைப்பு, ஒரு எதிர்ப்பு குலைகிறது பாருங்கள். 'இன்டு' சேர்ந்தால் சட்டென்று ஓட்டமெடுப்பது, பாட ஆரம்பிப்பது, வியர்த்துக் கொட்டுவது எல்லாம் வரும். இதற்கெல்லாம் 'என்டர் பை ஃபோர்ஸ்' என்று ஒரே விடையை எழுதிவைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆங்கிலத்துக்கு மட்டும் இந்தக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். 'விட்டுக்கொடு' என்பதை விடு, கொடு என்று பிரித்தால் பொருள் கிடைக்குமா? 'கண்டுபிடி'யில் கண்டால் போதும், பிடிக்கவே வேண்டாம். 'கைவிடு'வில் கையும் இல்லை. நம் குழந்தைகள் இதையெல்லாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவில்லை, பேச்சில் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். தாய்மொழியில் நமக்குக் கிடைத்த அந்த வாய்ப்பை, இன்னொரு மொழி படிக்கும்போது குழந்தைகளுக்குத் தராமல் விட்டோம்.

இதெல்லாம் வாத்தியார் வேலையற்றுப் போய்ச் செய்கிற சொல் ஆராய்ச்சி என்று சிலர் நினைக்கலாம். இல்லை. இதில் என் காசு போயிருக்கிறது.

வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருந்தேன். ஐந்து வருஷமாகத் தவறாமல் பிரீமியம் கட்டினேன். பாலிசிக் காகிதத்தைப் படித்தேனா என்றால், இல்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் ஆங்கிலத்தில் இருந்த காகிதத்தை மடித்துப் பீரோவில் வைத்தேன். திருடன் அதை மட்டும் தொடவில்லை. 'பர்க்ளரி' என்று போட்டிருந்ததைப் பார்த்து, திருட்டு என்றால் எல்லாத் திருட்டும் என்று எண்ணிக்கொண்டேன். உள்ளே விளக்கம் இருந்தது. பலத்தைப் பயன்படுத்தி, வன்முறையாக நுழைந்த அல்லது வெளியேறிய அடையாளம் இருந்தால்தான் பணம். சர்வேயர் வருவதற்கு முதல் நாள், நம் சொந்தக்காரர் ஒருவர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "தாழ்ப்பாள்கிட்ட ஸ்க்ரூ டிரைவரால ரெண்டு கீறு கீறிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது? உங்க காசுதானே." வீட்டுக்காரம்மா ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தாள். அந்த வளையல்கள் அவள் அம்மா போட்டது.

நான் கீறவில்லை. பெரிய அரிச்சந்திரன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவு வரைக்கும் போனேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உங்களுக்குப் பொய் எழுதாதே என்று சொல்லிவிட்டு, காப்பியடித்த பையன்களை வெளியே நிறுத்திவிட்டு, எழுபதை நெருங்கும் வயதில் ஒரு கதவில் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. சர்வேயர் வந்தார், பூட்டைப் பார்த்தார், படம் எடுத்தார், போனார். கடிதம் போன வாரம் வந்தது. பணம் கிடையாது. வீட்டுக்காரம்மா மூன்று நாள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்றுதான் "காப்பி வேணுமா?" என்று கேட்டாள்.

வக்கீலாக இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டேன். 2004லேயே உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்றார். ஒரு வியாபாரியின் சரக்கு திருடு போனது, ஆனால் பலத்தைப் பயன்படுத்தி நுழைந்ததாக இல்லை. பாலிசியில் என்ன விளக்கம் எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும், தண்டனைச் சட்டத்துப் பொருளையோ பேச்சுவழக்கையோ அதில் கொண்டுவந்து போட முடியாது என்று முடிந்துவிட்டது. அதாவது, ஒரே இரவில் ஒரே கதவில் நடந்த ஒரே காரியம், தண்டனைச் சட்டத்துக்கு 'ஹவுஸ் பிரேக்கிங்', காப்பீட்டுக்கு 'பர்க்ளரி' இல்லை. நான் சமம் என்று கரும்பலகையில் எழுதிய சொற்களுக்கு நடுவில் என் வீட்டு வளையல் விழுந்து காணாமல் போனது.

அதனால் என் கருத்தைத் திட்டவட்டமாகவே சொல்கிறேன். சினானிம் பட்டியலைச் சமன்பாடு மாதிரி மனப்பாடம் செய்யவைப்பதை நாம் நிறுத்த வேண்டும். உங்களில் 12 பேர் இப்போது ஆசிரியர்கள், அவர்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். பரீட்சையில் ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்கிறார்களே என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகளை ஒப்புவித்து வளர்ந்த மொழி நம்முடையது. படிக்கும்போது தெரியாத சொல்லின் ஏறக்குறைய பொருளைப் பிடித்துக்கொள்ளப் பட்டியல் உதவும். எழுதும்போது அது காலை வாரிவிடும். ஆகவே பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். யார் செய்தார்? எதை அல்லது யாரைச் செய்தார்? எப்படிச் செய்தார்? 'ராப்' ஆளைக் கேட்கும், 'ஸ்டீல்' பொருளைக் கேட்கும், 'பிரேக் இன்டு' இடத்தைக் கேட்கும். கூடுதலாக ஒரு பீரியட் ஆகும், அவ்வளவுதான். அதோடு, மூன்றாவது பெஞ்சில் யாராவது எழுந்து கேட்டால், தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னால் வாத்தியாருக்குக் கௌரவம் குறையாது.

மற்றவர்களுக்கு, முக்கியமாகச் சொந்தங்களுக்கு மூன்று விஷயம். பாலிசியை இன்று ராத்திரியே எடுத்து, 'பர்க்ளரி', 'தெஃப்ட்' என்ற சொற்களுக்கு உள்ளே என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். புரியவில்லை என்றால் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், ஓய்வாகத்தான் இருக்கிறேன். திருடு போனால் எதையும் தொடாமல் கதவு, ஜன்னல், தாழ்ப்பாளை முதலில் படம் எடுத்து வையுங்கள். புகாரில் 'திருடு போனது' என்று மட்டும் எழுதாமல், எந்த வழியாக, எப்படி நுழைந்தார்கள் என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். எங்கள் எழுத்தரிடம் நான் அப்படித்தான் எழுதிக்கொடுத்தேன்: பூட்டியிருந்த கொல்லைக் கதவைச் சாவியால் திறந்து அத்துமீறி நுழைந்து திருடியது. அவர் படித்துவிட்டு, "இது சரியா இருக்கு சார்" என்றார். 34 வருஷத்தில் என் விடைத்தாளைத் திருத்திய முதல் ஆள் அவர்தான்.

குளியலறை ஜன்னல் மேல் இப்போது சாவி இல்லை. எங்கே என்று இங்கே எழுத மாட்டேன்.

மூன்றாவது பெஞ்ச் தம்பி, கீழே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. உன்னைப் பார்த்து வகுப்பு சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்திருக்கக் கூடாது.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் வாத்தியார்